ஏரிக்குள் நிற்கிற பொம்பளை

நைனா,

வெள்ளிக்கிழமை ராத்திரியிலிருந்து உன் போன் அணைந்து கிடக்கிறது. கத்தாரில் இறங்கி, ரூம் கிடைத்து, புது சிம் வாங்கிய பிறகு நம்பர் தருவாய் என்று உன் அப்பா சொன்னார். எனக்குத் தருவாய் என்று சொல்லவில்லை, அவருக்குத் தருவாயாம். டீயை ஆற்றிக்கொண்டே சொன்னார். நான் தறியில் உட்கார்ந்திருந்தேன், காதில் விழாத மாதிரி இருந்துவிட்டேன். நான் ஒன்பதாவது வரை படித்தவள். கடைசியாகக் கடிதம் எழுதியது கல்யாணத்துக்கு முன்னால், என் அக்காவுக்கு. ஆனாலும் எழுத உட்கார்ந்திருக்கிறேன். போனில் என்றால் ஒன்று உளறுவேன், இல்லையென்றால் திட்டுவேன், என் வாய் உனக்குத் தெரியாததா. காகிதத்தில் என்றால் திட்டுவதற்கு முன்னால் கொஞ்சம் நிற்கலாம். நீ படித்து முடிக்கிற வரைக்கும் நான் குறுக்கே பேசவும் முடியாது. இந்த வீட்டில் உனக்கு அது புதுசுதான்.

அந்தப் படத்தைப் பற்றித்தான் எழுதுகிறேன். ஓவியக் கல்லூரியில் கடைசி வருஷம் எண்ணெய் வண்ணத்தில் நீ வரைந்தாயே, பங்குனி மாதத்தில் பஸ்சில் இரண்டு காலுக்கும் நடுவில் நிறுத்திப் பிடித்துக்கொண்டு வந்து, தறிவீட்டுக்குப் போகிற நடையில் மாட்டினாயே, அதுதான். நம் உத்திரமேரூர் ஏரி. மதகு இருக்கிறது, எதிர்க்கரையில் பனைமரம் இருக்கிறது, வானம் மழைக்கு முந்தின வானம். ஆனால் ஏரிக்கு நடுவில், இடுப்பளவுத் தண்ணீரில், ஒரு பொம்பளை முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறாள். அவள் இடுப்பிலிருந்து அரக்குச் சிவப்பில் ஒரு பாவு, சேலைக்கு இழுத்துக் கட்டுகிற அதே நூல், தண்ணீருக்கு மேலேயே எதிர்க்கரை வரைக்கும் போகிறது. நடுவில் தொய்ந்து தொங்குகிறது. எனக்கு முதலில் கண்ணில் பட்டது அந்தத் தொய்வுதான்.

"பாவு இப்பிடித் தொங்குமாடா? இத்த வெச்சிக்கினு ஒரு மொழம் நெய்ய முடியாது," என்றேன்.

"இது நெய்யறதுக்கு இல்லம்மா," என்று சிரித்தாய்.

"சரி, அவ மூஞ்சிய ஏன் வரையல?"

"எனக்குத் தெரிஞ்சது இதாம்மா," என்றாய்.

நான் என்ன செய்தேன் தெரியுமா, விழுந்து விழுந்து சிரித்தேன். நாலு வருஷம் படிக்க வைத்தும் என் பிள்ளைக்கு மூஞ்சி வரையத் தெரியவில்லை என்று தெரு முழுக்கச் சொல்லிவிட்டு வந்தேன். உன் அப்பா அந்தப் படத்தைப் போனில் போட்டோ எடுக்க வந்தபோது நானும் பக்கத்தில் நிற்கிறேன் என்று ஓடிவந்தேன். "ஓரமா நில்லும்மா," என்றாய். நான் நட்டநடுவில் போய் நின்றுகொண்டு பல்லைக் காட்டினேன்.

இப்போது அடுத்ததைச் சொல்ல வேண்டும். இது உனக்குப் பாதிதான் தெரியும். சித்திரை நடுவில் வாலாஜாபாத்திலிருந்து பெண் வீட்டார் நம் வீட்டைப் பார்க்க வருவதாக இருந்தது இல்லையா. அதற்கு முந்தின நாள் உன் அத்தை வந்தாள். நடையில் நின்று படத்தைப் பார்த்துவிட்டு, "இன்னா அண்ணி இது, பொம்பள முதுகத் தொறந்து போட்டுக்கினு தண்ணியில நிக்கிறா. வர்றவங்க இன்னா நெனப்பாங்க? ஏரியில எறங்கி சாகப்போறவ படத்த எவனாவது வூட்ல மாட்டுவானா?" என்றாள். அவள் மேல் பழி போடுவதற்காக இதை எழுதவில்லை. அவள் சொன்ன அந்த நிமிஷத்தில்தான் எனக்கே உறைத்தது, இடுப்பில் பாவோடு நிற்கிறவள் நம் வீட்டில் வேறு யார், ரவிக்கை இல்லாமல் சேலையைச் சுற்றிக்கொண்டு நிற்கிற அந்த முதுகு என்னுடையது என்று ஊரில் நாலு பேருக்குத் தெரிந்துவிடும். எனக்குக் கூச்சமாகிவிட்டது. அதோடு பயமும் வந்தது, உன் கல்யாணக் காரியத்துக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று. நீ சென்னையில் இருந்தாய். ஒரு போன் போட்டுக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

படத்தைத் தூக்கி வேறு சுவரில் சாத்தியிருந்தாலும் பரவாயில்லை. நான் அக்கறையாகச் செய்தேன் நைனா, அதுதான் கொடுமை. தூசு படக் கூடாது, எலி கடிக்கக் கூடாது என்று, சட்டத்திலிருந்து ஆணிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கி, துணியை எடுத்து, மேலே செய்தித்தாளைப் பரப்பி, தறியில் நெய்த சேலையைச் சுற்றுகிற மரத்தில், சேலையைச் சுற்றுகிற மாதிரியே, படம் உள்பக்கம் இருக்க இறுக்கிச் சுற்றினேன். எங்களுக்கு அதுதானே தெரியும். எவ்வளவு இறுக்கமாகச் சுற்றுகிறோமோ அவ்வளவு பத்திரம். சுருக்கம் விழாது, அழுக்குப் படாது. சுற்றியதைக் கயிறு போட்டுக் கட்டி, தகரக் கூரைக்குக் கீழே பரண் மேல் வைத்தேன். அடுத்த வாரம் அக்கினி நட்சத்திரம் ஆரம்பித்தது. வாலாஜாபாத்துக்காரர்கள் வந்தார்கள், கேசரி சாப்பிட்டார்கள், காபி நன்றாக இருக்கிறது என்றார்கள், போனார்கள். பதிலே வரவில்லை. நானும் பரணை மறந்துவிட்டேன்.

ஆடி மாதம் நீ ஓடிவந்தாய். சென்னையில் பெரிய கண்காட்சிக்கு அந்தப் படத்தைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள், சனிக்கிழமைக்குள் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டே செருப்பைக் கழற்றினாய். உன் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. நானே பரணிலிருந்து பெருமையாக எடுத்துக் கொடுத்தேன். "பாரு, ஒரு தூசு இல்லாம வெச்சிக்கினு கீறேன்," என்று சொன்னேன். நீ கயிற்றை அவிழ்த்தாய். இரண்டு சுற்று வந்தது. மூன்றாவது சுற்றில் தோல் உரிகிற சத்தம் கேட்டது. வானம் செய்தித்தாளோடு வந்தது. தண்ணீர் கொஞ்சம் துணியில் இருந்தது, கொஞ்சம் தாள் விலகின இடத்தில் துணியின் முதுகில் ஒட்டிக்கொண்டிருந்தது. அந்தப் பொம்பளை இருந்த இடத்தில் வெள்ளைத் துணி தெரிந்தது. "ஏம்மா சுத்தின?" என்று நீ கேட்டாய். சத்தமாகக்கூடக் கேட்கவில்லை.

அப்போது நான் அழுதிருந்தால்கூடப் போதும். கையைப் பிடித்து, தப்புப் பண்ணிவிட்டேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நீ உட்கார்ந்திருப்பாய். எனக்குத் தப்பு தெரிந்துவிட்டது, அது வாய்க்கு வரும்போது கோபமாகிவிட்டது. "இன்னா இப்போ, ஒரு துணிதான? உசுரா பூட்ச்சி? மறுபடி வரைஞ்சா போச்சு," என்றேன். நீ எழுந்து நின்றாய். "நீயே வரையும்மா," என்றாய். பையை எடுத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்குப் போய்விட்டாய். சாப்பிடாமல் போனாய். நீ வருவதாகச் சொல்லியிருந்ததால் காராமணிக் குழம்பு வைத்திருந்தேன், அதை மூன்று நாள் சூடுபண்ணிச் சூடுபண்ணி நாங்கள் சாப்பிட்டோம்.

பிறகு நடந்ததெல்லாம் உன் அப்பா மூலமாகத்தான் எனக்குத் தெரியும். ஒரகடத்தில் கம்பெனியில் சேர்ந்தாய், ஷிப்டு வேலை. வண்ணப்பெட்டியை எடுத்துப்போகச் சொல்லி அவர் போன் செய்தபோது வேண்டாம் என்றாய். "அவன் இனிமே வரையமாட்டானாம்," என்று அவர் என்னிடம் வந்து சொன்னார். பிள்ளைகளுக்கு வருகிற கோபம், இரண்டு மாதத்தில் இறங்கிவிடும் என்று நினைத்தேன். தீபாவளிக்கு நீ வரவில்லை. பொங்கலுக்கு வந்தாய், அப்பாவோடு பேசினாய், நான் போட்ட சோற்றைத் தின்றாய், என்னை நிமிர்ந்து பார்க்காமல் கிளம்பினாய். அன்றைக்குத்தான் எனக்குப் பயம் வந்தது. கோபம் என்றால் கத்துவாய். நீ கத்தவில்லை.

தை மாதக் கடைசியில் உன் பெட்டியைத் திறந்தேன். நீயே வரை என்று சொன்னாய் இல்லையா, சரி, வரைந்தே தீருவது என்று முடிவு பண்ணினேன். உன் அப்பா, "இன்னாடி பண்ணிக்கினு கீற, பைத்தியமா புட்ச்சிகீது?" என்றார். ஆனால் பழைய தேக்குச் சட்டத்தை அறுத்துக் கொடுத்தவரும் அவர்தான். நெசவுக்காரியின் புத்தி, புதுத் துணிக்குப் பாவுக்குப் போடுகிற மாதிரி அரிசிக் கஞ்சி போட்டேன். விறைப்பாக, அழகாக நின்றது. மறுநாள் பார்த்தால் எலி ஒரு மூலையைத் தின்றுவிட்டுப் போயிருந்தது. அப்புறம் உன் அப்பா காஞ்சிபுரம் போய், படம் வரைகிற துணியே கேட்டு வாங்கிவந்தார். முதல் நாள் நான் உன் வண்ணத்தில் தண்ணீரைக் கலந்தேன், அது ஒட்டாமல் திரிந்து நின்றது. போனில் ஒரு பையன் சொல்லிக் கொடுக்கிறதைப் பார்த்துத்தான் எண்ணெயும் டர்பன்டைனும் எதற்கு என்று தெரிந்துகொண்டேன். என்னிடம் இருந்த ஒரே போட்டோ, நான் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கிற போட்டோ. அதை பஸ் ஸ்டாண்டு ஜெராக்ஸ் கடையில் பெரிசாகப் போட்டு வாங்கிவந்து, நம் சேலை டிசைனுக்குக் கட்டம் போடுகிற மாதிரி ஸ்கேல் வைத்துக் கட்டம் போட்டேன். துணியிலும் அதே எண்ணிக்கைக் கட்டம். ஒரு கட்டத்தைப் பார், ஒரு கட்டத்தை வரை. இருபத்தாறு வருஷமாகப் பார்த்த வேலைதானே என்று திமிராக ஆரம்பித்தேன்.

சேலைக் கட்டத்தில் ஒரு கட்டத்துக்கு ஒரு நிறம்தான். உன் ஏரியில் ஒரே கட்டத்துக்குள் பச்சை சாம்பலாகி, சாம்பல் ஊதாவாகி, எங்கே ஆனது என்றே தெரியாமல் ஆகியிருந்தது. என் முதல் ஏரி படிக்கட்டு மாதிரி வந்தது. உன் அப்பா பார்த்துவிட்டு, "பார்டர் நல்லாகீது, முந்தானை எங்க?" என்றார். நான் வண்ணம் குழைக்கிற கரண்டியை எடுத்து எறிந்தேன். சுரண்டிவிட்டு மறுபடி போட்டேன். அடியில் மெல்லிசாகப் பூச வேண்டும், அது காய வேண்டும், அதற்கு மேல் கொஞ்சம் தடிப்பாகப் பூச வேண்டும், அதுவும் காய வேண்டும். தறியில் ஒரு நாள் உட்கார்ந்தால் ஒரு முழமாவது கண்ணுக்குத் தெரியும். இதில் பத்து நாள் சும்மா கைகட்டிப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். ஒரு வானத்துக்கு எனக்கு ஒன்றரை மாதம் ஆனது. மறுபடி வரைஞ்சா போச்சு என்று சொன்ன வாயை அந்த ஒன்றரை மாதத்தில் எத்தனை முறை அறைந்துகொண்டேன் என்று எனக்கே தெரியாது.

பாவு வந்தபோது கை தானாக அதை இழுத்துக் கட்டிவிட்டது. தொய்வு இல்லாமல், நேராக, ஒழுங்காக. எனக்குத் தெரிந்த மாதிரி சரியாக வரைந்தேன். நாலு நாள் கழித்து போட்டோவைப் பார்த்தபோது வெட்கமாகிவிட்டது. நான் உன் படத்தை வரைகிறேனா, உன்னைத் திருத்துகிறேனா? துணியில் டர்பன்டைன் தொட்டு அத்தனை நூலையும் துடைத்தேன். நீ தொங்கவிட்ட இடத்தில் தொங்கவிட்டேன். அது ஏன் தொங்குகிறது என்று எனக்கு இப்போதும் தெரியாது. தெரியாவிட்டாலும் நீ போட்டபடி போடலாம் என்று அன்றைக்குத்தான் படித்தேன். இது எனக்கு ஐம்பத்திரண்டு வயதில் வந்த புத்தி. உனக்கு ஒரு பிள்ளை பிறந்து, அது எதையாவது கோணலாகக் கொண்டுவந்து காட்டினால், கையை வைக்காதே.

வைகாசியில் எல்லாம் முடிந்துவிட்டது, அவளைத் தவிர. போட்டோவில் அவள் இருக்க வேண்டிய இடத்தில் நான் நிற்கிறேன். என் மண்டைக்கு மேலே கொஞ்சம் தண்ணீர் தெரிகிறது, இடுப்புக்குப் பக்கத்தில் பாவு ஆரம்பிக்கிறது, நடுவில் முழுக்க நான். உரிந்த துணியை எடுத்துப் பார்த்தேன், அதை நான் தூக்கிப் போடவில்லை. மற்ற இடத்தில் எல்லாம் வண்ணம் பாதியாவது இருந்தது. அவள் இடத்தில் சுத்தமாக இல்லை. அவளை மட்டும் நீ விரல் தடிமனுக்குப் பூசியிருந்தாய் போல. தடிப்பாகப் பூசியது காய மாசக்கணக்காகும் என்று இப்போது எனக்குத் தெரியும். நீ எங்கே அதிகமாக மனசு வைத்தாயோ அந்த இடம்தான் ஈரமாக இருந்திருக்கிறது. அதைத்தான் நான் சுற்றினேன்.

உன் போனில் அந்தப் படம் முழுசாக இருக்கும். கேட்க எனக்கு வாய் வரவில்லை. என் முதுகுதானே, நானே வரைந்துவிடலாம் என்று உட்கார்ந்தால், என் முதுகை நான் எங்கே பார்த்தேன். உன் அப்பாவைக் கேட்டேன். "ஏங்க, என் முதுகு எப்பிடி இருக்கும்?" "நான் இன்னாத்த கண்டேன். முதுகு மாதிரிதான் இருக்கும்," என்றார். முப்பது வருஷம் கூட வாழ்ந்த மனுஷன். அப்படியானால் யார்தான் பார்த்தது என்று யோசித்துக்கொண்டு தறிக்குழியில் காலை விட்டு உட்கார்ந்தேன். உட்கார்ந்ததும் தெரிந்துவிட்டது. எனக்குப் பின்னால், சாக்கை மடித்துப் போட்டு உன்னைத்தானே உட்கார வைப்பேன். நாலு வயசிலிருந்து. நான் இடுப்புவரை குழிக்குள், எனக்கு முன்னால் பாவு, எனக்குப் பின்னால் நீ. "அம்மா, இங்க பாரு," என்பாய். "இருடா, இந்த வரிசை முடியட்டும்," என்பேன். அது முடிந்தால் அடுத்த வரிசை. எனக்கு உன் குரல் தெரியும், நீ என்ன காட்டினாய் என்று தெரியாது. எவ்வளவு யோசித்தும் ஒன்றுகூட நினைவுக்கு வரவில்லை. பார்த்திருந்தால்தானே.

எனக்குத் தெரிஞ்சது இதாம்மா என்று நீ சொன்னாய். நான் தெருவெல்லாம் சொல்லிச் சிரித்தேன். அது புரிந்த அன்றைக்குத் தறியை விட்டு எழுந்தவள் மூன்று நாள் தறி பக்கம் போகவில்லை நைனா. சாப்பாட்டுக்காகத்தான் உழைத்தேன், உன்னைப் படிக்க வைக்கத்தான் உழைத்தேன் என்று எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். அது பொய்யில்லை. ஆனால் ஒரு வரிசைக்கு நடுவில் திரும்பியிருந்தால் சேலை ஒன்றும் கிழிந்திருக்காது. நீ போயிருக்கிற இடத்தில் என்ன வேலையோ, எவ்வளவு வேலையோ தெரியவில்லை. யாராவது உன்னை "இங்க பாரு" என்று கூப்பிட்டால், கையில் இருப்பதை விட்டுவிட்டுத் திரும்பிப் பார். அம்மா சொல்கிற புத்திமதி இது ஒன்றுதான், மற்றதெல்லாம் உனக்கே தெரியும்.

ஒரு நாள் ஆசைப்பட்டு அவளைத் திருப்பி வரைந்தேன். கரையைப் பார்த்து, பார்க்கிறவரைப் பார்த்து நிற்கிற மாதிரி. கண், மூக்கு, பொட்டு எல்லாம் வைத்தேன். கேவலமாக வந்தது, ஆனாலும் அரை நாள் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். பிறகு கத்தியால் சுரண்டி எடுத்துவிட்டேன். அது என் ஆசை. நீ பார்த்தது அது இல்லை. முதுகையே வரைந்தேன், நாலு முறை சுரண்டி, ஐந்தாவது முறை விட்டுவைத்தேன். அதற்குள் ஆவணி வந்துவிட்டது, நீ கத்தாருக்குப் போகிறாய் என்ற செய்தியும் வந்துவிட்டது. ஏர்போர்ட்டுக்கு யாரும் வர வேண்டாம் என்று சொல்லிவிட்டாய். நீ கிளம்புகிற நாளில், மத்தியானம், உன் அப்பாவின் போனில் படத்தை எடுத்து உனக்கு அனுப்பினேன். ஒரு வார்த்தையும் எழுதவில்லை. நீ பார்த்துவிட்டாய் என்று இரண்டு கோடும் நீலமாகிக் காட்டியது. சாயங்காலம் வரைக்கும் ஒன்றும் வரவில்லை. ஏழு மணிக்கு ஒரே ஒரு வரி வந்தது.

"தோளு அவ்ளோ நேரா இருக்காதும்மா. இடது பக்கம் எறங்கி இருக்கும்."

நான் அதை எத்தனை முறை படித்தேன் என்று உன் அப்பாவைக் கேள். அவருக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டு, போட்டோ எடுக்கச் சொன்னேன். எடுத்துப் பார்த்தால், ஆமாம். இடது தோள் இரண்டு விரல் கீழே இருக்கிறது. தறியில் ஒரு கை கயிறு இழுக்க, ஒரு கை பலகை அடிக்க, எந்த வருஷத்தில் இறங்கியதோ. என் உடம்பில் இருக்கிற கோணல், எனக்குத் தெரியாது, கட்டினவருக்குத் தெரியாது. சுவரைப் பார்த்து உட்கார்ந்து அழுதேன். உன் அப்பா அடுப்பை மூட்டி டீ போட்டார்.

மறுநாளே திருத்த ஆரம்பித்தேன். நேற்றுதான் முடிந்தது. திருத்தியதை எடுத்து உனக்கு அனுப்பியிருக்கிறேன். ஒரு கோடுதான் விழுந்திருக்கிறது, அந்த நம்பர் இனி திறக்காது என்று உன் அப்பா சொல்கிறார். உன் புது விலாசம் வந்ததும் இந்தக் கடிதத்தை அவர் தபாலில் போடுவார், அதோடு படத்தின் போட்டோவும் வரும். நீ என்னோடு பேச வேண்டாம். எப்போது வருவாய் என்று நான் கேட்க மாட்டேன். இடது தோளை இரண்டு விரல் இறக்கியிருக்கிறேன். அது போதுமா, இல்லை நீ பார்த்தபோது இன்னும் இறங்கியிருந்ததா என்று மட்டும் சொல்.

அம்மா